ஆபித் பாஷாவின் மருதம்பட்டை வைத்தியம்

வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர் ஆபித் பாஷா. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தே பதம் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, டாக்டர் சாந்தகுமார் ஐந்து வகை மாத்திரை எழுதிக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? இதயத்துக்கு மருதம்பட்டை நல்லது என்று யாரோ சொன்னார்கள். பட்டை என்று காதில் விழுந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த இலாகா ஆயிற்றே!

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி என்றார் நாட்டுமருந்துக் கடைக்காரர். இவரோ டேனரி வழக்கப்படி, ஊறிய தண்ணீரையே புதுப்புதுப் பட்டையில் ஊற்றி, கருஞ்சிவப்பாக ஏற்றிக் குடித்தார். மாத்திரைகள் அலமாரியில் பழைய சட்டைகளுக்கு அடியில் கிடந்தன. "மாத்திரை போட்டீங்களா?" என்று மனைவி அஃப்ஸர் ஜஹான் கேட்டால், "ஆச்சு, ஆச்சு" என்பார்.

ஒரே மாதத்தில் கால் வீங்கியது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. கஷாயம் பதமாக இல்லையோ என்று சந்தேகம். முடி நீக்கிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை டேனரியிலிருந்து வாங்கிவந்து அதில் போட்டார். மறுநாள் பார்த்தால் மேலே சுருங்கி விறைத்துவிட்டது, அறுத்தால் உள்ளே பச்சையாகவே இருந்தது. எடுத்த எடுப்பில் பட்டைச் சாறு ஏறின தண்ணீரில் போட்டால் தோல் இப்படித்தான் கெடும். இந்தத் தப்புக்காக எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார்! இளசான தண்ணீரில் தொடங்கி மெல்ல ஏற்றணும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் உடம்பை மறந்துவிட்டார். முதல் முறையாகச் சாவை நினைத்துப் பயந்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அழுதுகொண்டே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார் அஃப்ஸர் ஜஹான்.

"பட்டையில ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லல, பாய்," என்றார் சாந்தகுமார். "அதுல இருக்கிற சத்தைப் பிரிச்சு இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க. இதயத்துக்கு நாங்க குடுக்கிற ஒரு பழைய மருந்தே இலையில இருந்து வந்ததுதான். அளவு கொஞ்சம் ஜாஸ்தியானா அதுவே விஷம். நீங்க அளவும் பாக்கல, மாத்திரையும் போடல. நல்லவேளை, இப்பவாச்சும் வந்தீங்க. சரி பண்ணிடலாம்."

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆனாலும் தினமும் காலையில் மாத்திரையோடு எதிரே நிற்கிறார் அஃப்ஸர் ஜஹான். விழுங்கும்வரை நகர்வதில்லை.

"இன்னா, எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"இல்ல," என்றார் அவர். "ஆனா நீங்க எனக்கு வேணும். வாயைத் தொறங்க."

ஆபித் பாஷா வாயைத் திறந்தார்.