அம்மா கத்திய குளிர்காலம்

அம்மா வெளியாட்கள் முன்னால் கத்தியதை முதன்முதலில் நான் கேட்டது பதினோரு வயதில். வீட்டுக்குள் அவள் குரல் உயர்ந்ததே இல்லை என்று சொன்னால் பொய். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கெல்லாம் உயர்ந்திருக்கிறது. ஆனால் வாசலைத் தாண்டினால் அந்தக் குரல் எங்கோ ஒளிந்துகொள்ளும். அமெரிக்காவில் நாங்கள் இருந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எந்தக் கடைக்குப் போனாலும் அவள் சொல்ல வேண்டியதை என் காதில் சொல்வாள், நான் உரக்கச் சொல்வேன். யாராவது அவளை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னால் பேச்சையே விட்டுவிடுவாள். அம்மாக்கள் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவுக்கு ஒரு வெள்ளைக்கார ஆன்ட்டி வந்தார். பெயர் கேரல். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சின்னத் தள்ளுவண்டியில் ஒரு கல்லை வைத்து இழுத்துக்கொண்டு, கரும்புக்கும் கோலத்துக்கும் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்துகொண்டார். வழவழப்பான, உருண்டையான கருங்கல். மேலே சிவப்புக் கைப்பிடி. "ஆட்டுக்கல்லுக்குக் கைப்பிடி வச்ச மாதிரி இருக்கே" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கேரல் ஆன்ட்டிக்கு அது புரியவில்லை, ஆனாலும் கூடவே சிரித்தார். அது பனித்தளத்தில் ஆடும் கர்லிங் விளையாட்டின் கல். பக்கத்து ஊரில் அவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்த சீசனில் புது ஆட்கள் சேராவிட்டால் கட்டிடம் பக்கத்து கோடவுனுக்குப் போய்விடும். அதனால் நூலகம், சர்ச், கோயில் என்று கல்லோடு அலைந்துகொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. "முதல் தடவை ஃப்ரீதானாம். வாக்கிங் போற மாதிரி போய்ட்டு வரலாம்" என்று எங்கள் பெயர்களைக் கொடுத்துவிட்டார். அம்மா பார்க்கத்தான் வந்தாள். பனியில் சறுக்க அவளுக்குப் பைத்தியமா என்ன?

கிளப்புக்குள் நுழைந்ததும் பார்வையாளர் அறையின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். வெளியிலிருந்து பார்க்கத் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிக்குப் பனி, பால் உறைந்ததுபோல. அதன் இரு முனையிலும் பனிக்கு அடியில் நீலமும் சிவப்புமாக வட்டங்கள். அந்த வட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'வீடு'. ஒருவர் மண்டியிட்டபடி வழுக்கிக்கொண்டே வந்து கல்லை விட்டார். அது நெடுந்தூரம் மெல்ல உறுமிக்கொண்டே போனது. போகப் போக யாரும் தொடாமலே லேசாக வளைந்தது. முன்னால் இரண்டு பேர் துடைப்பம்போன்ற பிரஷ்ஷால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். தேய்த்தால் கல் வளையாமல் நேராக, இன்னும் கொஞ்ச தூரம் போகும். விட்டால் வளையும். எதிர்முனையில் நிற்கும் அணித்தலைவர் எங்கே குறிவைத்து விட வேண்டும் என்று பிரஷ்ஷை ஊன்றிக் காட்டுவார்; பிறகு கல்லைப் பார்த்தபடி எப்போது தேய்க்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று கத்துவார்.

ஓர் அணிக்கு நான்கு பேர். அப்பா, நான், எங்கள் கீழ்வீட்டு நாகர்கோவில் ஆன்ட்டி என்று மூன்று பேர் இருந்தோம். ஆன்ட்டி ஆஸ்பத்திரி நர்ஸ், எதற்கும் அசராதவர். ஓர் ஆள் குறைந்தது. கேரல் ஆன்ட்டி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கைகாட்டி அழைத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். சுடிதார்மேல் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இறங்கியும் விட்டாள்.

சனிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தோம். தலைவர் அப்பாதான்; அதை யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் காட்டிய இடத்தில் விட்ட கற்களெல்லாம் வீட்டை விட்டு விலகிப் போய் ஓரத்தில் இடித்தன. மூன்றாவது வாரம் அம்மா மெதுவாக, "இந்தப் பக்கம் கொஞ்சம் சரிவா இருக்குங்க. ஒரு அடி வெளில காட்டுங்க" என்றாள். அப்பா காட்டினார். கல் வளைந்து வந்து வீட்டு நடுவில் நின்றது. அப்பா கல்லைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நீயே வந்து சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்று இடத்தைக் கொடுத்துவிட்டார். அவர் அதை எவ்வளவு இலகுவாகச் செய்தார் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

சீசன் முடிவில் புதியவர்களுக்கும் பழைய உறுப்பினர்களுக்கும் ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். கேரல் ஆன்ட்டி தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களை எல்லாம் அழைத்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இடமில்லாமல் நின்றார்கள். கடைசிக் கல் எங்களுடையது. நடுவுக்கு மிக அருகில் யார் கல் நிற்கிறதோ அவர்களுக்குத்தான் புள்ளி; நாங்கள் ஒரு புள்ளி பின்னால். வட்டத்தின் நடுவில் அவர்களுடைய கல் உட்கார்ந்திருந்தது. அதை மறைத்து முன்னால் இன்னொரு கல் காவல் நின்றது.

அம்மா தன் பிரஷ்ஷைக் கல்லே இல்லாத ஒரு வெற்றிடத்தில் ஊன்றினாள்.

"அங்க எதுக்கு? அங்க ஒண்ணுமே இல்லையே" என்றார் அப்பா.

"அங்கதான் விடணும். அது தானா திரும்பும்."

நாகர்கோவில் ஆன்ட்டி கல்லை விட்டார். அப்பாவும் நானும் அதன் இரு பக்கமும் ஓடினோம். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. "தேய்ங்க." தகரக் கூரை அதிர்ந்தது. "தேய்ங்க, தேய்ங்க." கல் காவலை நெருங்கியபோது மரியாதைக்கு நேரம் இல்லாமல் போனது. "தேய். இன்னும் தேய்." வாழ்நாளில் அப்பாவை 'என்னங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள். அப்பா மறுபேச்சில்லாமல் தேய்த்தார். என் தோள்கள் எரிந்தன. கல் காவலை ஒரு விரல் இடைவெளியில் தாண்டியது. "போதும், விடு."

விட்டோம். ஓடுவதற்கு ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் இருந்தது. கல் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல உள்பக்கம் திரும்பியது. காவலுக்குப் பின்னால் புகுந்தது. அவர்களுடைய கல்லை மெல்லத் தொட்டு நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் தான் நின்றுகொண்டது. அது நின்றதும் நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தோஷம்கூட இல்லை. அது அங்கேதான் வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. எதிரணியின் தலைவர் அம்மாவிடம் வந்து கைகொடுத்து, அந்தத் 'தேய்' என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று கேட்டார். அன்று மாலை கிளப் முழுக்க "தாய், தாய்" என்று தப்பும் தவறுமாகக் கேட்டது. பதிவு மேஜையில் நம்மவர்கள் வரிசையில் நின்றார்கள். கட்டிடம் கோடவுனுக்குப் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் கேரல் ஆன்ட்டி ஒரு படிவத்தை நீட்டினார். அடுத்த சீசனில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு. சம்பளம் கிடையாது, தொண்டுதான். அம்மா என் பக்கம் திரும்பாமலே சரி என்றாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், முகவரி எல்லாம் எழுதியானது. என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"ஹோம்மேக்கர்னு போடும்மா" என்றேன்.

அம்மா பேனாவை மறுபடி ஊன்றினாள். பிறகு அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேரான ஆங்கில எழுத்துகளில் எழுதினாள்: சிவில் எஞ்சினியர், பாலங்கள்.

யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். விசா விஷயத்தில் படிவத்தில் பொய் எழுதினால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் அவள் திருச்சியில் பாலங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தாள் என்பதோ, அப்பாவின் விசாவில் வந்ததால் இங்கே வேலைக்குப் போக அவளுக்கு அனுமதி இல்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரில் ஏறியதும் அப்பா, "என்ன எழுதிக் கொடுத்தீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்று நான் முந்திக்கொண்டேன். அம்மாவின் பொய்யைக் காப்பாற்றிவிட்ட பெருமையில், வீடு வரும்வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.