அமத்தித் திருகும் மூடி

தம்பியைக் கொல்லப் பார்த்தவள் என்று ஒரு பின்னேரம் முழுக்க எங்கள் தெருவில் என்னைப் பற்றிக் கதைத்தார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. உம்மாவிடம் மாப்புக் கேள் என்று சொந்தக்காரர்கள் சுற்றி நின்று சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து இன்றைக்கும் கேட்கவில்லை.

அந்த வருடம் வாப்பா கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நற்பிட்டிமுனையில் இருந்தோம். உம்மாவின் வயிற்றில் மூன்றாவது பிள்ளை. இரண்டாவது என் தம்பி. எட்டிய இடத்திலெல்லாம் கைவைத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடுகிற வயது அவனுக்கு. கிளினிக்கில் உம்மாவுக்கு இரத்தம் காணாது என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தார்கள். சும்மா கொடுக்கிற குளிசையில் என்ன சத்து இருக்கப்போகிறது என்று வாப்பாவுக்கு எண்ணம். ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் கட்டாரிலிருந்தே ஒரு போத்தல் குளிசை வாங்கி அனுப்பிவிட்டார்.

வந்த போத்தலைத் திறக்க முடியவில்லை. மூடி சுற்றியது. சுற்றச் சுற்றக் கடகடவென்று சத்தம் வந்ததே தவிர கழன்று வரவில்லை. அந்த மாதங்களில் உம்மாவின் விரல்கள் வீங்கி மோதிரத்தையே கழற்ற முடியாமல் இருந்தன. இரண்டு தரம் திருகிவிட்டு மேசையில் வைத்துவிட்டா. பக்கத்து வளவிலிருந்து சாச்சி, உம்மாவின் தங்கச்சி, வந்து துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்த்தா. அவவுக்கும் முடியவில்லை. கடைசியில் மாமா வந்தார்.

மாமா உம்மாவுக்கு மூத்த சகோதரர். உம்மாவும் சாச்சியும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். பூட்டும் திறப்பும் தண்ணிக் குழாயும் விற்கிறவர். நாங்கள் இருந்த வீட்டைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அதைக் கட்டுகிற பாரம் பெண்ணின் வாப்பாவுக்கும் காக்காமாருக்கும். இரண்டு தங்கச்சிமாரையும் வீட்டோடு கொடுத்த பிறகுதான் தன் கல்யாணம் என்று மாமா இருந்தார். சாச்சியின் வீடு அப்போது யன்னல் மட்டத்துக்கு எழும்பி நின்றது. வாப்பா இல்லாத எங்கள் வீட்டில் மீன் வாங்குவது முதல் கரண்ட் பில் கட்டுவது வரை மாமாதான். அவர் சொல்லுக்கு ஒருவரும் மறுசொல் சொல்லமாட்டார்கள், என்னைத் தவிர.

மாமா அந்த மூடியைக் கையால் திருகினார். பல்லால் கடித்தார். சுடுதண்ணிக்குள் வைத்து எடுத்தார். கடைசியில் கடையிலிருந்து கொண்டுவந்த பிளையரால் பிடித்துப் பார்த்தார். மூடியில் பல்லுத் தடமும் பிளையர்த் தடமும் விழுந்ததுதான் மிச்சம். செய்தவன் பிழையாகச் செய்துவிட்டான், போத்தலின் கழுத்தை வெட்டி எடுக்க வேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் பக்கத்தில் நின்று மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சின்னப் படம் இருந்தது. கீழ்நோக்கி ஓர் அம்பு, சுற்றி ஓர் அம்பு. கீழே இங்கிலீசில் ஒரு வரி. அதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்: சில்ட்ரன். சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துத் திறக்கவும் என்றுதான் எழுதியிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். இவர்களுக்கு இது கூட வாசிக்கத் தெரியவில்லையே என்று இருந்தது.

"இஞ்ச தாங்க மாமா, நான் தொறக்கன்."

"போ புள்ள அங்கால. இது பெரியாக்கள்ட வேல."

போ என்றால் போகிற பிள்ளையா நான்? அவர் கத்தி எடுக்கக் குசினிக்குப் போன நேரம் போத்தலைத் தரையில் வைத்து, உள்ளங்கையை மூடியில் பதித்து, என் உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு அமத்தித் திருகினேன். மூடி கையோடு வந்தது. உள்ளே சிவப்புச் சிவப்பாக, சீனிப்பாகில் தோய்த்தது போல மினுங்கிக்கொண்டு குளிசைகள். சாச்சி கைதட்டினா. உம்மா சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது.

கத்தியோடு வந்த மாமா சிரிக்கவில்லை. "நான் எளக்கி வெச்சதாலதான் தொறந்த" என்றார். நான் மூடியைப் போட்டு, டக்கென்று சத்தம் வரும்வரை அமத்தித் திருகி, போத்தலை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் அதைத் தொடாமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அது என் உத்தியோகம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போத்தலைத் திறப்பேன், உம்மா ஒரு குளிசை எடுப்பா, நான் மூடுவேன். டக்கென்ற சத்தம் காதில் விழாமல் கையை எடுக்கமாட்டேன். பிறகு கதிரையில் ஏறி பிரிட்ஜுக்கு மேலே வைப்பேன். என்னால்தான் உம்மாவின் உடம்பில் இரத்தம் ஊறுகிறது என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பகல் வழக்கம்போலத் திறந்து, மூடி, வைத்தேன். ஜும்ஆ முடிந்து மாமா சாப்பிட வந்தார். நான் குர்ஆன் ஓதப் போய்விட்டேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சாச்சியின் சத்தம் கேட்டது.

தம்பி உம்மாவின் மடியில் கிடந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். வாயும் சட்டையும் சிவப்பு. இரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் மேசைக்குக் கீழே சிதறிக் கிடந்த குளிசைகளையும், ஒரு பக்கம் போத்தலும் ஒரு பக்கம் மூடியுமாகக் கிடந்ததையும் கண்டேன். கடையிலிருந்து மாமா பறந்து வந்தார். ஓட்டோ வந்து நின்றது. முன் வீட்டு மாமி கேற்றடியில் நின்று, யாரும் கேட்காமலே சொன்னா:

"வேற ஆரு? அதத் தொறக்கத் தெரிஞ்சவ இவ ஒருத்திதானே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் போத்தலையும் மூடியையும் பொறுக்கிக்கொண்டு, யாரும் ஏறு என்று சொல்லாமலே ஓட்டோவில் ஏறினேன். இறங்கு என்றார்கள். இறங்கவில்லை. சண்டை பிடிக்க நேரமில்லாததால் என்னையும் கொண்டு போனார்கள்.

கல்முனை ஆசுபத்திரியில் டொக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சிங்களம் கலந்த தமிழில், பிள்ளை என்ன விழுங்கியது என்று கேட்டா. உம்மாவுக்கு அழுகைதான் வந்தது. நான் போத்தலை நீட்டினேன். அவ வாசித்துப் பார்த்துவிட்டு, "போத்தல் கொண்டு வந்தது ரொம்ப நல்லது" என்றா. அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சொல் அது. எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றுக்குள் குளிசைகள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தன. நிறையச் சத்தியோடு வெளியே போயிருந்தது நல்ல காலம். ஆனாலும் இரும்பு பிள்ளைகளின் வயிற்றையும் ஈரலையும் கெடுக்கும், வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். தம்பியின் சின்னக் கையில் சேலைன் ஏற்றினார்கள். அவன் கத்தியது விறாந்தை முழுக்கக் கேட்டது.

விறாந்தையில் நாங்கள் நின்றோம். ஒருவர் பின் ஒருவராகச் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முன் வீட்டு மாமி, அவவும் பின்னாலேயே வந்திருந்தா, கதையை முதலிலிருந்து சொன்னா. ஒவ்வொரு தரமும் கதையில் என் குற்றம் ஒரு சுற்றுப் பெருத்தது. கடைசியாக வந்தவர்களுக்கு நான் தம்பிக்கு டொபி என்று சொல்லி ஊட்டிவிட்டவளாக இருந்தேன்.

"நான் மூடித்தான் வெச்சன். டக்கெண்டு சத்தம் கேட்டுது" என்றேன். யாரும் காதில் எடுக்கவில்லை.

மாமா என் முன்னால் வந்து குந்தினார். அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது. "உம்மாட்ட மாப்புக் கேளு புள்ள. அதோட முடிஞ்சிரும்."

"செய்யாததுக்கு என்னத்துக்கு மாப்பு?"

"பெரியாக்கள் சொன்னாக் கேக்கணும்."

"கேக்கமாட்டன்."

யாரோ பின்னாலிருந்து, நாக்கைப் பார் என்றார்கள். இன்னொருவர், வாப்பா இல்லாத வளர்ப்பு என்றார். சாச்சி என் தோளைப் பிடித்து, ஒரு சொல்தானே, சொல்லிவிடு என்று கெஞ்சினா. எனக்குக் கண் எரிந்தது. ஆனால் அழவில்லை. அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தெரியும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கையிலிருந்த போத்தலில் மூடியைப் போட்டேன். வயிற்றோடு அணைத்துப் பிடித்து அமத்தித் திருகினேன். டக். எல்லோருக்கும் கேட்டது.

"நான் மூடினா ஒருத்தராலயும் தொறக்க ஏலா" என்று மாமாவிடம் நீட்டினேன். "ஏலுமெண்டா நீங்க தொறந்து பாருங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் எட்டு வயதுப் பிள்ளை சவால் விட்டால் யாருக்கு வராது? பறித்து எடுத்தார். உள்ளங்கையை மூடியில் வைத்தார், ஓர் அமத்து, ஒரு திருகு. மூடி அவர் கையில் வந்துவிட்டது.



முன் வீட்டு மாமியின் வாய் கூட மூடிக்கொண்டது. மாமா ஒரு கையில் போத்தலும் ஒரு கையில் மூடியுமாக, அவை எப்படித் தன் கைக்கு வந்தன என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு சுவரோடு இருந்த வாங்கில் மெதுவாக உட்கார்ந்தார். பிளையருக்கு அசையாத மூடி இது என்று அங்கே இருந்த பாதிப்பேருக்குத் தெரியும். எப்போது பழகினார் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது, எனக்கு மட்டும் விளங்கவில்லை. என் பெருமை போய்விட்டது, என் மூடல் ஒரு மூடலே இல்லை, மாமாவால் கூடத் திறக்க முடிகிறது என்றால் தம்பியாலும் முடிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. வென்றுவிட்டு விம்மி விம்மி அழுதேன்.

வார்ட் வாசலில் உம்மா நின்றுகொண்டிருந்தா. எவ்வளவு நேரமாக நின்றாவோ தெரியாது. மாமாவைப் பார்க்காமல், எல்லோரையும் பார்த்துச் சொன்னா.

"புள்ளைய ஒருத்தரும் ஒண்டும் சொல்லவேணாம். நான்தான் எடுத்துப் போட்டு மூடாம வெச்ச. என்ட பிழ."

உம்மாவின் விரல்களால் அது முடியாது என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அழுகையில் சொல் வரவில்லை.

நடந்தது என்ன என்பதைச் சாச்சி எனக்குச் சொன்னது நான் கல்யாணம் முடித்த பிறகு. நான் ஓதப் போனதும் மாமா பிரிட்ஜின் மேலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாராம். கடைசியில் திறந்துவிட்டதும், "தங்கச்சி, தொறந்திட்டன்!" என்று சிரித்த சிரிப்பு குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த உம்மாவுக்குக் கேட்டதாம். மூடியைத் திரும்பப் போட்டு, போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். ஆனால் டக்கென்ற சத்தம் வரும்வரை அமத்த வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன். விறாந்தையில் என்னை மாப்புக் கேட்கச் சொன்னபோது அவர் அறிந்துதான் சொன்னாரா, தானும் மூடித்தான் வைத்தேன் என்று நம்பினாரா, எனக்குத் தெரியாது. அவர் தங்கச்சிமாருக்காகச் செய்ததையெல்லாம் நான் அறிவேன். உம்மா அன்றைக்கு அவருடைய முகத்தைக் காப்பாற்றியதும் விளங்குகிறது. அது சரி என்று மட்டும் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

தம்பி தப்பிவிட்டான். சில நாளில் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வந்ததும் வராததுமாக மேசைக்குக் கீழே தவழ்ந்து போய்த் தேடினான். அன்று பின்னேரம் வாப்பா தொலைபேசியில் வந்தார். உம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தா. வாப்பாவின் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. பிள்ளையைப் பார்க்காமல் என்ன பராக்கு, இரவு பகலாக நான் இங்கே கிடந்து உழைப்பது இதற்கா என்று, வாயில் வந்ததெல்லாம் சொன்னார். உம்மா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றா. என்ட பிழதான் என்றா. எனக்குத் தாங்கவில்லை.

"பொய் வாப்பா! உம்மா அதத் தொறக்கவே இல்ல!" என்று கத்தினேன்.

உம்மா என் வாயைப் பொத்திவிட்டு, பிறகு எடுக்கிறேன் என்று தொலைபேசியை வைத்தா. அந்தக் கையை நான் தள்ளிவிட்டேன்.

"எனக்காக ஒண்டும் நீங்க பொய் சொல்ல வேணாம். நான் பிழ செய்யல்ல."

"தெரியும். உனக்காக இல்ல மகள்."

"அப்ப ஆருக்காக?"

உம்மா யன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தா. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். உள்ளே இருக்கிற பிள்ளைக்காகத்தான். பிறக்க முன்னமே உம்மாவைப் பொய் சொல்ல வைக்கிற பிள்ளை என்ன பிள்ளையோ, வரட்டும் பார்ப்போம் என்று அதன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.