கூப்பிட்டால் வரும் நாய்

நாயை அவிழ்த்துவிடுவது பெரிய வித்தை இல்லை. கூப்பிட்டால் அது வர வேண்டும். வராத நாயை அவிழ்க்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். கண்டியில் எங்கள் தெருக்கோடி மைதானத்துக்கு மாலையில் நாய் கொண்டுவந்தவர்களுக்கு இது கடைசிவரை ஏறவில்லை.

எங்கள் வீடு எங்கள் கடைக்கு மேலேயே. பின்னால் சீமெந்து போட்ட சின்ன முற்றம். பகல் முழுக்க நாய் அங்கே சங்கிலியில் கிடக்கும். மைதானம் ஒன்றுதான் அது கால் நீட்டி ஓடக்கூடிய இடம். அதனால் ஒழுங்காக நடந்துகொண்டேன். பந்து விளையாடுகிற பிள்ளைகள் போகும்வரை சங்கிலியைக் கழற்ற மாட்டேன். கடையிலிருந்து பழைய சொப்பிங் பேக் கொண்டுபோய், அது கழித்ததை நானே அள்ளுவேன். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுடைய நாய்கள் கழித்ததைப் பிள்ளைகள் மறுநாள் மிதித்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு கஷ்டம். என் நாய்க்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் நாய்களை இங்கிலீஷில் அதட்டினார்கள். எங்கள் நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் என் மனைவி. வேறு பாஷை பழக்கியிருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"நாய்கிட்டயாவது பயப்படாமப் பேசிட்டுப் போறேனே, விடுங்க" என்றாள்.

தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்து, அதைத் திரும்பக் கட்டிய பிறகும் நாங்கள் வெளியே சத்தமாகத் தமிழ் பேசியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஊமைகள் மாதிரி வருவோம். பிறகு யுத்தம். நகரத்துக்குள்ளும் குண்டு வெடித்த பிறகு மைதான வாசலுக்கு எதிரே மண்மூட்டை அடுக்கி இராணுவம் காவலரண் போட்டது. அந்த இடத்தில் நின்று எப்படி நாயைத் தமிழில் கூப்பிடுவது? கை தட்டிப் பார்த்தேன். அது திரும்பவில்லை. ஆகவே அது ஓட, நானும் பின்னால் ஓடி, கிட்டப் போய் மெதுவாகச் சொல்லிக் கூட்டிவருவேன். ஐம்பது வயதில் இந்தக் கூத்து.

அங்கே ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் வருவார், சிங்களவர். அவருடையது அல்சேஷன். வாசலில் நுழைந்ததும் அவிழ்த்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்காருவார். அது யார் மேல் பாய்ந்தாலும் தலை நிமிராமல், விளையாடுகிறது என்பார். என்னைப் பார்த்து, "முதலாளி நாயை நடத்துறாரா, நாய் முதலாளியை நடத்துதா?" என்று சிங்களத்தில் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு மாலை அந்த அல்சேஷன் என் நாயின் பின்னங்காலைக் கவ்வியது. மேனேஜர் நாலைந்து தடவை கூப்பிட்டார். அது காதிலேயே வாங்கவில்லை. என் நாய் உதறிக்கொண்டு வாசலைத் தாண்டிக் காவலரண் பக்கம் ஓடியது. அங்கே நின்ற ஆமிக்காரன் சின்ன வயது. பாய்ந்து வருகிற நாயைக் கண்டதும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான்.

நான் வாய்விட்டுக் கத்தினேன். "நில்லு. இங்க வா."

ரோட்டின் நடுவில் நாய் நின்றது. திரும்பி, நொண்டிக்கொண்டே வந்து என் காலடியில் உட்கார்ந்தது. துப்பாக்கி இப்போது என் பக்கம் பார்த்தது. என்ன சொன்னாய் என்று அவன் சிங்களத்தில் கேட்டான். நாயை வரச் சொன்னேன் என்றேன். அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். நாயின் காலில் இரத்தத்தையும் பார்த்தான். போகச் சொன்னான்.

அவன் விட்டான். மேனேஜர் விடவில்லை. "முதலாளி, காலம் இருக்கிற இருப்புல இப்படித் தமிழ்ல கத்தலாமா? நாய்க்குக் கொஞ்சம் சிங்களம் பழக்குங்க."

"மாத்தயா, முதல்ல உங்க நாய்க்கு ஏதாவது ஒரு பாஷை பழக்குங்க" என்றேன்.

கடித்த நாயைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. நான் கத்தியதைப் பற்றித்தான் பேச்சு. அதற்குப் பிறகு நானும் ஓடவில்லை. காயம் ஆறியதும் மைதானத்தின் நடுவில் நின்று தொண்டை திறந்தே கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் தலைகள் திரும்பின. நாயும் வந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. அதே அல்சேஷன் பந்து பொறுக்கப் போன ஒரு பிள்ளையின் கையைக் கடித்தது. மாநகர சபை ஆள் வந்து, இனி எந்த நாயும் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். மேனேஜருக்கு என்ன நட்டம்? அவர் வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம்.

என் நாய் திரும்பவும் சீமெந்து முற்றத்துக்கு வந்தது. மாலையானால் எழுந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு கதவைப் பார்க்கும். நான் கூப்பிடுவேன், உடனே வரும். நாலடி தூரம்தான்.