கவலைப்படும் தாய்மார்

யுகேந்திரனால் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த அந்தத் தேர்தல் ஆலோசனை அலுவலகத்தில், அவன் மேசைமேல் வைத்த தேநீர் எப்போதும் தளும்பிக்கொண்டிருக்கும்.

புள்ளியியல் படித்தவன். முன்பு ஒரு காப்புறுதி நிறுவனத்தில், எந்த வாடிக்கையாளர் விலகிப் போவார் என்று கணித்துச் சொல்லும் வேலை. கிள்ளானில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது ரஞ்சனி அவனைத் தன் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டாள். வாக்காளர் பட்டியல், தொலைபேசிக் கருத்தாய்வு, வேட்பாளரின் இணையப் பக்கத்தில் யார் எதை அழுத்தினார்கள் என்ற விவரம், இவை எல்லாவற்றையும் கோத்து வாக்காளர்களைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குழுவை எந்தச் செய்தி அசைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள அம்மாக்களுக்கு போனில் அனுப்ப மூன்று விதமான செய்தி தயாரானது. ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கு மானியம் வாங்கித் தருவோம் என்று ஒன்று. வேட்பாளர் பிள்ளைகளோடு நிற்கும் படம் ஒன்று. மூன்றாவதை யுகேந்திரனே எழுதினான், சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று: 'உங்கள் பிள்ளை ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி இருக்குமா?'

மூன்றாவதைத்தான் எல்லாரும் திறந்தார்கள். திறந்தவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்பினார்கள். திரையில் வரைபடக் கோடு ஏற ஏற அவன் எழுந்து நின்றுகொண்டே பார்த்தான். ரஞ்சனி அவன் தோளைத் தட்டிவிட்டு, "இனிமே இதையே அனுப்பு," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனான். அக்கா அமுதவள்ளி ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். மாமா லோகன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே மகள், தாமரை. வரும் ஆண்டு பள்ளிக்குப் போக வேண்டியவள்.

சாம்பார் ஊற்றும்போதே அமுதவள்ளி சொன்னாள்: "தாமரைக்கு ஸ்கூல் மாத்திட்டேன்டா. தமிழ் ஸ்கூல் வேணாம். பக்கத்துல உள்ள மலாய் ஸ்கூலு, கெபாங்சான்லயே போட்டுட்டோம்."

"ஏன்க்கா? நீயும் நானும் படிச்ச ஸ்கூலுலா அது."

"இருக்குமான்னே தெரியலயாம். பாதியில மூடிட்டா புள்ளைய எங்க கொண்டுபோய்த் தள்றது? ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

போனை நீட்டினாள். தன் வரியைத் தானே படித்தான் யுகேந்திரன். அவன் கையாண்ட கோப்பில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். அந்த எண்களில் ஒன்று அக்காவாக இருக்கும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் ரஞ்சனியிடம் போய் நின்றான். "பாஸ், அந்த மெசேஜ நிறுத்திடலாம். ஜனங்க பயந்து புள்ளைங்கள வேற ஸ்கூலுக்கு மாத்துறாங்க."

"நம்ம பொய் சொல்லலயே யுகே. கேள்விதானே கேட்டோம்?"

"அந்த ஸ்கூல மூடப்போறதா யாருமே சொல்லலயே, பாஸ்."

"மூடமாட்டோம்னும் யாரும் சொல்லல. போ, வேலையப் பாரு. இன்னும் கொஞ்ச நாள்தான்."

அவன் மேசைக்குத் திரும்பினான். முதலில் அக்காவின் எண்ணை மட்டும் தேடி எடுத்து நீக்கினான். நீக்கியதும் அவமானமாக இருந்தது. மற்ற அம்மாக்கள் என்ன பாவம் செய்தார்கள்? யாரையும் கேட்காமல் அந்தக் குழு முழுவதற்கும் மானியச் செய்தியை மாற்றி வைத்தான். மாலைக்குள் கோடு சரிந்தது. ரஞ்சனி கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. அவன் கணினியைத் தன் பக்கம் திருப்பி, கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, "நாளையிலிருந்து வர வேணாம்," என்றாள். கேள்வி மறுபடி போகத் தொடங்கியது.

அன்றே கிள்ளானுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல என்னைய என்னான்னு எழுதி வெச்சிருந்தே?"

அவன் தயங்கினான். "கவலைப்படும் தாய்மார்."

"கவலைப்படும் தாய்மார்," என்று அவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள். "நான் கவலைப்படுறேன்னு தெரிஞ்சு வெச்சிருந்தீங்க. தெரிஞ்சும் அதுலயே குத்துனீங்களாடா?"

வேட்பாளர் வென்றார், எதிர்பார்த்ததைவிடப் பெரிய வித்தியாசத்தில். அந்தச் செய்தியால்தான் வென்றாரா, அது இல்லாமலே வென்றிருப்பாரா என்று யுகேந்திரன் வீட்டில் உட்கார்ந்து மீண்டும் மீண்டும் கணக்குப் போட்டான். எந்தக் கணக்கும் முடிவாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை மிகவும் அரித்தது.

அமுதவள்ளி தாமரையைத் தமிழ்ப்பள்ளியிலேயே திரும்பச் சேர்த்தாள். அங்கே தலைமையாசிரியை சொன்னது வேறு பயத்தைக் கிளப்பியது. பள்ளியை மூடும் பேச்சே இல்லையாம். ஆனால் இந்த ஆண்டு பெற்றோர் பலர் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். இப்படியே போனால் அந்தப் பேச்சு வந்தாலும் வரும் என்றாராம்.

அதன்பின் அக்கா அவனைச் சும்மா விடவில்லை. கோயிலில், பாசார்ச் சந்தையில், கிளினிக்கில் யாராவது ஒரு அம்மா பள்ளியைப் பற்றிச் சந்தேகப்பட்டால், அங்கேயே அவனுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். "இந்தா, எழுதுனவன்கிட்டயே கேளு."

அவனும் பதில் சொன்னான். புஷ்பவல்லி என்ற ஒரு பெண் நெடுநேரம் பேசினாள். "நீங்க அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா, தம்பி?" என்று கேட்டாள். அதன் பிறகும், பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பது பற்றிக் கணவரோடு பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

பள்ளி திறந்த அன்று, ஸ்ரீ கெம்பாங்கான் ஊரில் சேர்ந்திருந்த புது வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவனும் போனான். தாமரை அழாமல் வகுப்புக்குள் போய்விட்டாள். புஷ்பவல்லியின் முகம் அவனுக்குத் தெரியாது. பிள்ளையோடு வந்து இறங்கிய ஒவ்வொரு பெண்ணையும் இவளாக இருக்குமோ என்று பார்த்தான். மணி அடித்தது. காவலாளி கதவை இழுத்துச் சாத்தினார்.

"வாடா, போலாம்," என்றாள் அமுதவள்ளி.

"நீ போக்கா. லேட்டா யாராச்சும் வருவாங்க."

அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் வெயிலில் வேலியோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான்.