படத்துக்கு இடப்பக்கம் நிற்பவர்

இந்த ஊர்க்காரர்கள் சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் அருகில் ஒட்டியிருக்கும் எழுத்தை வாசிக்கிறார்கள். வாசித்து முடித்த பிறகுதான் தலையைத் தூக்குகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத விடயங்களில் இதுவும் ஒன்று. இலங்கையின் கிழக்குக் கரையில், என் ஊரான சாய்ந்தமருதில் ஒரு படத்தை யாரிடமாவது கொடுத்தால், "இது ஆருட மகன்? எப்ப எடுத்த?" என்று கேட்பார்கள், பதில் சொல்வதற்குள் படம் நாலு கை மாறியிருக்கும். அந்தக் கேள்விகளுக்காகவே படம் எடுத்தவன் நான். ஒவ்வொரு பிரதியின் பின்புறத்திலும் திகதி, இடம், அஸர் தொழுகைக்கு முன்னா பின்னா, அன்று வீசியது வாடையா கச்சானா என்பது வரை குறித்து வைப்பேன். பகலில் மருந்துக் களஞ்சியமொன்றில் பெட்டிகளின் காலாவதித் திகதி பார்ப்பது என் வேலை. பழக்கம் அங்கிருந்து வந்ததா, வேலை பழக்கத்தால் கிடைத்ததா தெரியாது.

எங்கள் நகர நூலகத்தின் மாடியில் ஒரு சிறிய காட்சிக்கூடம் உண்டு. அதற்குப் பொறுப்பான ஹெலன் என்ற பெண்மணி, நான் ஊருக்குப் போய்வந்த காலங்களில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அவற்றைக் காட்சிக்கு வைக்க இடம் தந்தார். கூடவே ஒரு ‘ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்’ வேண்டும் என்றார். கலைஞர் தன் படங்களைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கம் அது. கலைஞர் என்ற சொல்லுக்கே கூசிப்போய், எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: எந்த நாள், எந்தத் தெரு, எந்த லென்ஸ், வெளிச்சம் எந்தப் பக்கம். ஹெலன் பொறுமையாக வாசித்தார்.

"நல்ல பதிவு. ஆனால் இதில் நீங்கள் எங்கே?"

"கமராவுக்குப் பின்னால்" என்றேன். பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தார்.

அவருக்கு மிகவும் பிடித்த படம், ராத்தாவின் வீட்டு முன்கூடத்தில் எடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மா இருந்த வீடு என் மூத்த சகோதரியான ராத்தாவுக்குச் சீதனமாகப் போனது. நான் கல்யாணம் முடித்து மருதமுனையில் பெண்வீட்டுக்குப் போனேன், அங்கிருந்து இங்கே வந்தேன். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆண் அங்கே விருந்தாளி. படத்தில் இருப்பது நீலக் கதவு, பிளாஸ்டிக் கதிரை, அதன் பக்கத்து ஸ்டூலில் ஆவி பறக்கும் தேத்தண்ணி. ஆள் இல்லை. என் படங்கள் எதிலுமே ராத்தா இல்லை. கமராவைத் தூக்கினால், "பொறு, நான் அங்கால போறன்" என்று விலகிவிடுவார். மார்க்கத்தில் படம் கூடாதென்பது ஒரு காரணம், முன்பல் விழுந்தது மற்றக் காரணம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் போய்விட மாட்டார். வெளிச்சம் உள்ளே விழட்டும் என்று கதவுச்சீலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, படத்துக்கு எட்டாமல், இடப்பக்கம் நிற்பார்.

"இந்தக் கதிரையில் இருந்தவர் இறந்துவிட்டாரா?" என்று ஹெலன் மெதுவாகக் கேட்டார். சுனாமியில் எங்கள் ஊருக்குள் கடல் வந்த நாளைப் பற்றி அவர் வாசித்திருந்தார். இல்லை என்று சொல்வது, அன்று போனவர்களையெல்லாம் இல்லை என்பதுபோல் எனக்குப் பட்டது. "எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் யாராவது போயிருக்கிறார்கள்" என்றேன். அது உண்மைதான். ஆனால் அது இந்தக் கதிரையைப் பற்றிய உண்மை அல்ல. ஹெலன் அதை வைத்து அழகான ஒரு பக்கம் எழுதித் தந்தார்: இழப்பு, வெறுமை, திரும்பி வராதவருக்காக ஆறும் தேநீர். பக்கத்தின் கீழே என் பெயர். பல நாள் முயன்றும் என்னால் எழுத முடியாத ஆங்கிலம். சரி என்றேன். "இதற்குத் திகதி வேண்டாமே, காலம் கடந்து நிற்கட்டும்" என்றார். அதற்கும் சரி என்றேன்.

திறப்பு நாளில் ஒரு முதிய வெள்ளைக்காரப் பெண் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, என் கையைப் பிடித்து, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றார். நன்றி என்று சொன்னேன்.

காட்சியை என் மனைவி ஃபோனில் படம்பிடித்து ஊருக்கு அனுப்பியிருந்தாள். ராத்தாவின் மகள் ஆங்கிலம் படித்தவள். தாய்க்கு வாசித்துக் காட்டிவிட்டாள். அடுத்த நாள் ராத்தாவின் குரல்பதிவு என் ஃபோனுக்கு வந்தது.

"டேய் தம்பி, நான் மௌத்தாப் போயிட்டன் எண்டு எழுதி வெச்சிருக்கியாம்? கத்தம் ஓதிச் சோறு குடுக்கிறது எப்ப? சொன்னா நானும் வந்து திண்டுட்டுப் போவன்."

உடனே அழைத்தேன். அது ஹெலன் எழுதியது என்றேன்.

"கீழ இருக்கிற பேரு ஒன்ட பேருதானே? சீலையப் புடிச்சிக்கிட்டு கை கடுக்கக் கடுக்க நிண்டது ஆரு, வெள்ளைக்காரியா?"

"அப்படி இல்ல ராத்தா. ஆள் இல்லாத கதிரையப் பார்த்தா அவங்களுக்கு அப்படித் தோணுது."

"கதிரை சும்மா கிடந்திச்செண்டா எழுதின?" என்றார். குரலில் இப்போது பகிடி இல்லை. "ஒனக்குப் போட்ட கதிரைடா அது. ஒனக்கு ஊத்தின தேத்தண்ணி. இரி, இரி எண்டு எத்தின தரம் சொன்னன்? வெளிச்சம் போயிரும், வெளிச்சம் போயிரும் எண்டு நீ நிண்டுக்கிட்டேதான் இருந்த. ஆறிப்போன தேத்தண்ணிய நான்தான் வெளிய கொட்டின."

பிரதியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். திகதி இருந்தது, கச்சான் காற்று இருந்தது, நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேனா என்பது இல்லை. அந்தப் பயணத்தில் என்ன கதைத்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். சீலையை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

ஹெலனிடம் போய், பக்கத்தை மாற்ற வேண்டும் என்றேன். காட்சிக்கான துண்டுப் பிரசுரத்தில் அது அச்சாகிவிட்டது, சுவரில் இருப்பதை மட்டும் மாற்றலாம் என்றார். இம்முறை என் ஆங்கிலத்தில் நானே எழுதினேன், திகதியோடு: ‘இந்தப் படத்தில் யாரும் இறக்கவில்லை. இடப்பக்கம், படத்துக்கு வெளியே, என் சகோதரி கதவுச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கதிரை எனக்காகப் போடப்பட்டது. நான் அதில் உட்காரவில்லை.’ ஹெலன் வாசித்துவிட்டு, பழைய பக்கத்தைக் கழற்றி இதை ஒட்டினார்.

அன்று வந்தவர்களைத் தூரத்தில் நின்று பார்த்தேன். வழக்கம்போல முதலில் எழுத்தை வாசித்தார்கள். பிறகு தலையைத் தூக்கி, படத்தை விட்டுவிட்டு, அதன் இடப்பக்கம் இருந்த வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் கதிரையைப் பார்த்தார்கள். கூடத்தை மூடும் நேரம், பார்வையாளர் இளைப்பாறப் போட்டிருந்த வாங்குப் பலகையைக் காட்டி, உட்காருங்களேன் என்றார் ஹெலன். நான் நின்றுகொண்டே இருந்தேன்.