சந்தனப் பொட்டு வைத்த பதிவேடு

பவானியிடம் வாயால் கேட்டால் ஒரு குண்டூசிகூடப் பெயராது. கடலூருக்குத் தெற்கே இருந்த அந்தச் சாயப்பொடி ஆலையில் பதிவேடுகளெல்லாம் அவள் பொறுப்பு. குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வந்ததும் பீரோ சாவி இடுப்பில் ஏறும். முதலாளியே கேட்டாலும் "எழுதிக் குடுங்க" என்பாள்.

2011 நவம்பரில் பாதுகாப்பு சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரிடமும் அதையேதான் சொன்னாள். மேனேஜர் திருநாவுக்கரசு பதறி எழுந்தார். அட, இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்! அந்தப் பட்டியலில் மூன்றாவதாகக் கேட்டிருந்தது, சாயம் காய்ச்சும் ரியாக்டரின் பாதுகாப்பு வால்வுப் பதிவேடு. அழுத்தம் எகிறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டிய வால்வு அது. தினமும் சோதித்து மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

பத்தே நிமிடத்தில் பவானி அந்த நோட்டோடு மேனேஜர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், ஆயுதபூஜை அன்னிக்கு வால்வு செக் பண்ணதா கையெழுத்து போட்டிருக்கீங்க. அன்னிக்கு ஆலையே லீவு. இந்த நோட்டு சாமி முன்னால இருந்துச்சு, நான்தான் சந்தனம் வச்சேன்." அட்டையில் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

திருநாவுக்கரசு நோட்டை எட்டிப் பார்த்தார். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பத்தொரு கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுத் தள்ளியவர் அவர்தானே! வால்வைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. தெரிந்தால் வேலை போய்விடும்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிடும்மா. புதுசா எழுதிக்கலாம்."

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கேன் சார். கிழிக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்த வால்வுக்குக் கீழ பதினோரு பேரு நிக்கிறாங்க. நோட்டு குடுக்கறது என் வேல, உள்ளதச் சொல்றது உங்க வேல. நீங்க மொதல்ல இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுங்க, அப்புறம் நான் குடுக்கறேன்."

என்ன துணிச்சல்! கத்தத்தான் வாயைத் திறந்தார். அவளோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். போய்ச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ரியாக்டரை நிறுத்தி, வால்வைக் கழற்றிச் சோதித்தார். எவ்வளவு அழுத்தம் கொடுத்தும் அசையவில்லை. உள்ளே துருவேறி இறுகிக் கிடந்தது. "அய்யோ சாமி, இதுக்குக் கீழயா நின்னோம்?" என்று ஆபரேட்டர் கொளஞ்சியப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திருநாவுக்கரசுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்ஜினியர் படிப்பு, பதினெட்டு வருஷ சர்வீஸ்! தான் பார்க்காததை ஒரு காய்ந்த சந்தனப் பொட்டை வைத்துக்கொண்டு இவள் பிடித்துவிட்டாளே! கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. நோட்டீஸ் அவர் பேருக்குத்தான் வந்தது, தட்டிக்கழிக்காமல் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பவானி பதிவேட்டை நீட்டினாள். அன்றைய தேதிக்கு நேரே, "வால்வு வேலை செய்யவில்லை" என்று எழுதியிருந்தது. பழக்க தோஷம், அவர் கை நேராகப் பேனாவுக்குப் போனது.

"படிச்சிட்டுப் போடுங்க சார்" என்றாள்.

அந்த ஒரு வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.