தண்ணீர் ஊற்றாத தோட்டம்

பிள்ளைப்பாக்கத்தில் நெல் விதைத்த குடும்பம் எங்களுடையது. அதில் பிறந்த எங்கள் அண்ணன் மட்டும் முள் வளர்த்தார். சிரிக்காதீர்கள், தங்கை நான் உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. படிப்பை விட்டுவிட்டு, இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் பெயிண்ட் அடித்த கதவுகளில் கீறல் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். ஓவர்டைம் பார்த்தே என் கல்யாணத்தை நடத்தி வைத்தார். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் நேரே மொட்டை மாடிதான். அங்கே முப்பது தொட்டிகள். "பாப்பா, முள்ளுக்கு அடியில பஞ்சு மாதிரி கீதா பாரு, இருந்தாதான் அது கேக்டஸ். வெட்டினா பால் வந்தா நம்மூர் கள்ளி. அந்தப் பால் கண்ணுல பட்டா அவ்ளோதான்" என்பார்.

"ஏங்க, பொண்டாட்டிக்கு ஒரு மல்லிச்செடி வாங்கினு வரத் தெரியல. முள்ளு வெச்ச வூடு வெளங்குமா?" என்று அண்ணி தினமும் பாடுவார். அண்ணன் சிரித்துக்கொண்டே மணலைச் சலிப்பார்.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அந்தச் சிரிப்பு போகவில்லை. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். "என் செடிங்களுக்கும் அதே வைத்தியம்தான். யாரும் தண்ணி ஊத்திடாதீங்க" என்றார் அண்ணன். எங்களிடம் அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

அதையும் காப்பாற்றாமல் விட்டோம். அண்ணன் போன துக்கத்துக்கு வந்தவர்கள் மாடிக்குப் போய், "பாவம், அவர் வளர்த்த செடி வாடுதே" என்று ஆளுக்கொரு சொம்பு ஊற்றினார்கள். எல்லாம் பாசம்தான், யாரைக் குறை சொல்வது? காரியம் முடிந்து பார்த்தால் பாதித் தொட்டிகள் அழுகிக் கிடந்தன. அண்ணன் முதன்முதலில் வாங்கிய தூண்போன்ற செடியும் அடியில் கூழாகிவிட்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணி அழவில்லை. கத்தியை எடுத்து வந்து, அழுகல் போகும்வரை வெட்டிக்கொண்டே போனார். "பால் வரல பாரு. இது கேக்டஸ். நிழல்ல பத்து நாள் காயணும், அப்புறம்தான் மணல்ல நடணும்" என்றார்.

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"இருவது வருசமா மனுஷன் வேற இன்னா பேசினாரு?"

இத்தனை நாளும் திட்டிக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்! அப்போது நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம், சிரிக்கவும் செய்தோம். அந்தத் துண்டு இப்போது வேர் பிடித்து நிற்கிறது.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், முதலாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் எங்கள் கும்பிடு. இந்த நினைவு மலர்ப் புத்தகத்தோடு ஆளுக்கொரு கன்றும் தருகிறோம். அழுகிப்போனால் மறைக்காமல் வந்து சொல்லுங்கள். அண்ணனாக இருந்தால் பேசாமல் இன்னொன்று கொடுத்திருப்பார். அண்ணி நன்றாகத் திட்டிவிட்டுத்தான் கொடுப்பார்.